மூச்சு விடத் தெரிந்த மாப்பிள்ளை

ஆடி மாதம் பிறந்தால் புதுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடியில் கர்ப்பம் தரித்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் ஆகாது பிள்ளைக்கும் ஆகாது என்பார்கள். இன்னும் பிறக்காத பிள்ளையின் உடம்பைப் பற்றி இவ்வளவு தூரம் யோசித்த பெரியவர்கள், அந்த ஒரு மாதம் மாப்பிள்ளை எங்கே சாப்பிடுவான் என்று மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

நான் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு காபி கிளப்பில் சாப்பிட்டேன்.

உலகச் சண்டைக் காலம் அது. அரிசிக்குத் தட்டுப்பாடு, சர்க்கரைக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. புளிக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லை போலிருக்கிறது. சாம்பாரில் புளி, ரசத்தில் புளி, மோரில்கூட அதன் சாயல். காபி என்று கொடுத்ததில் புளியங்கொட்டையை வறுத்துப் பொடித்துக் கலக்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. நான் அதை நம்பவில்லை. காபிக்கு அவ்வளவு ருசி கிடையாது. சாயந்திரம் போடும் மசால் வடை ஒன்றுதான் அந்த இடத்தில் நம்பிக்கையானது. வடைச் சட்டியின் எண்ணெயை அவர்கள் மாற்றுவதே இல்லை. அதனால் நேற்று சாப்பிட்ட வடைக்கும் இன்று சாப்பிடும் வடைக்கும் ஒரு சொந்தம் இருந்துகொண்டே இருக்கும்.

மல்லாட்டை மண்டி ஒன்றில், அதாவது நிலக்கடலை மண்டியில், நான் குமாஸ்தா. ஆடியில் மண்டிக்கு வேலை கிடையாது. அது விதைப்பு நேரம். காய் வைத்திருப்பவன் நிலத்தில் போடுவானா, மண்டிக்குக் கொண்டுவருவானா? வேலை இல்லாத மனிதனுக்குப் பசியும் குறைவாக இருக்க வேண்டும் என்பது நியாயம். என் வயிற்றுக்கு நியாயம் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கு வடை ஞாபகம் வரும். வடை சாப்பிட்டதும் படுக்கத் தோன்றும். படுத்ததும் நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டுவார்கள். புளித்த தண்ணீர் ஒன்று தொண்டை வரைக்கும் ஏறி வந்து, வெளியே என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போகும்.

ஓம வாட்டர் குடித்தேன். சுக்கு இடித்துப் போட்டுக்கொண்டேன். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து ஆப்பம் மாதிரி உப்பினேன். கோலி சோடா குடித்தேன், அதில் ஏப்பம் வந்தது. ஏப்பம் வந்த மாத்திரத்தில் குணமாகிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு வடை சாப்பிட்டேன். வைத்தியத்தில் எனக்கு எப்போதுமே அவசரம்தான்.

காபி கிளப்பில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். என் வயதுதான், உடம்பு மட்டும் முருங்கைக்காய். ஒருநாள் என்னைச் சிறிது நேரம் கவனித்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாய்யா, எண்ணெ போடாத வண்டி அச்சாட்டம் சத்தம் வருது உன் தொண்டையில?"

"நெஞ்சு எரியுதுய்யா. சோடா குடிச்சிட்டு வர்றேன்."

"சோடா குடிச்சா வர்றது சோடாவோட ஏப்பம். உன் ஏப்பம் உள்ளயே குந்திகினு கீது. மூச்சப் பழகு, எல்லாம் சரியாப் பூடும்."

திருவண்ணாமலையில் ஒரு சாமியார் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயிலேறிப் போய்வந்த எவருக்கும் ஒரு சாமியார் கிடைத்திருப்பார். டிக்கெட்டோடு சேர்த்துத் தருகிறார்கள் என்றே நினைக்கிறேன். மறுநாள் காலை கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் சாக்கு மூட்டைகள் நடுவில் எனக்கு உபதேசம் நடந்தது.

"வெறும் வயித்துல செய்யணும். நேரா குந்து. வாய மூடிக்க. மூக்கால மெதுவா இழு. நெஞ்சும் தோளும் ஆடக் கூடாது, வயிறு முன்னால வரணும். அப்புறம் விடு. இழுத்தத வுட விடறது இன்னும் மெதுவா இருக்கணும்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"அவ்ளோதானா? இத எருமைகூட செய்யுதேய்யா."

"அதுக்கு நெஞ்செரிச்சல் கீதா?" என்றார் அவர். "சாப்ட்டுட்டு மட்டும் செய்யாத. ஜல்தி ஜல்தியாவும் செய்யாத."

கசக்காத மருந்தையும் வலிக்காத வைத்தியத்தையும் நம்பும் குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. வேர்க்காமல், வலிக்காமல், ஒரு சத்தம்கூட இல்லாமல் ஒரு வியாதி எப்படிப் போகும்? அதனால் அந்த முறையை நானே கொஞ்சம் திருத்தி அமைத்தேன். மெதுவாக என்று அவர் சொன்ன இடத்தில் வேகத்தைச் சேர்த்தேன். கொல்லன் துருத்தி மாதிரி இழுத்து, ரயில் எஞ்சின் மாதிரி விட்டேன். ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொள்வதும் கண்ணை மேலே செருகிக்கொள்வதும் என் சொந்தக் கற்பனை. கூரையில் குந்தியிருந்த புறாக்கள் என் பயிற்சி நேரம் தெரிந்து எழுந்து போய்விடும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் சொன்னபடியே அடக்கமாகச் செய்த சில காலைகளில் நெஞ்சு எரியாமல் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட அன்றைக்குச் சாயந்திரம் வடையைக் கூட்டிக்கொண்டேன்.

ஆவணி பிறந்தது. பெண்டாட்டியை அழைத்துவரக் கிளம்பினேன்.

மாமனார் ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே, பெருமுக்கல் மலை அடிவாரம். சொந்த நிலம், சொந்த மாடு, சொந்த உழைப்பு. மல்லாட்டையும் கேப்பையும் விளையும். மாமனார் சுருட்டும் கையுமாக இருக்கும் பெரிய மனிதர், எதற்கும் அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டார். வீட்டில் அலட்டிக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் மாமியாருடையது.

அந்த நாளில் மாமியார் மாப்பிள்ளைக்கு நேரே வந்து நிற்க மாட்டார், முகம் பார்த்துப் பேசவும் மாட்டார். அது மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதை. என் மாமியார் முகத்தை நான் கதவுக்குப் பின்னால் கொஞ்சம், முறத்துக்குப் பின்னால் கொஞ்சம் என்று பார்த்துச் சேர்த்து வைத்திருந்தேன். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமனாரிடம் சொல்வார். மாமனார் இல்லாவிட்டால் கொட்டிலில் கட்டியிருக்கும் பசுவிடம் சொல்வார். "வெயில்ல வந்தவங்க கால் கழுவிட்டு உக்காந்தா இன்னா" என்று பசுவைக் கேட்பார். நான் போய்க் கால் கழுவுவேன். பசுவுக்கு என்னைப் பற்றி என்ன அபிப்பிராயமோ தெரியாது, என்னைப் பற்றிய விஷயமெல்லாம் முதலில் அதற்குத்தான் தெரியும்.

மாமியாரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அதில் எனக்குக் கேலி வராது. அவருடைய தங்கையை அனந்தபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த மாப்பிள்ளைக்கு இழுப்பு நோய். கல்யாணத்தின்போது அவர்கள் வீட்டில் அதை மறைத்துவிட்டார்கள். மூச்சு வாங்குகிற மனிதருக்கு விசிறிக்கொண்டே அந்தப் பெண்ணின் வயது போயிற்று. கடைசியில் அவரும் போய்விட்டார். எங்கள் கல்யாணத்தில் அந்தச் சின்னம்மா மணவறைப் பக்கமே வரவில்லை. பந்திக்கு இலை கழுவிக்கொண்டு பின்கட்டிலேயே இருந்தார். என்னை மாப்பிள்ளையாகப் பார்க்க வந்தபோது இந்த வீட்டார் என் நிலத்தைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. பையனுக்கு இருமல், இளைப்பு உண்டா என்று மட்டும்தான் ஆள்விட்டு விசாரித்தார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்த மனிதன்தான் நான்.

ஒரு புதன்கிழமை போய்ச் சேர்ந்தேன். திண்டிவனம் ஸ்டேஷனுக்கு மாமனார் வண்டி கட்டி அனுப்பியிருந்தார். வீட்டில் மாப்பிள்ளை விருந்து. கோழி அடித்திருந்தார்கள். மாப்பிள்ளை விருந்தில் சாப்பிடுகிறவனுக்குத் தப்பிக்க வழி கிடையாது. போதும் என்று சொன்னால் கூச்சப்படுகிறார் என்று இன்னும் ஊற்றுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் ருசியாக இல்லை என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் பசி தீரவில்லை. இலையைக் கையால் மறைத்தால் கைமேலேயே ஊற்றுவார்கள்.

"வந்தவங்களுக்கு இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லு," என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

என் பெண்டாட்டி ஊற்றினாள். ஒரு மாதமாகப் பார்க்காத பெண்டாட்டி. கரண்டியைப் பார்ப்பேனா, அவளைப் பார்ப்பேனா? அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எத்தனை கரண்டி என்று கவனிக்கவில்லை.

எழுந்து கைகழுவும்போதே தெரிந்துவிட்டது. கோழி உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு உயரம் ஏறியிருக்காது. மாமனார் வீட்டில் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? மெதுவாக நழுவி வைக்கோல் போருக்குப் பின்னால் போனேன். யாரும் இல்லை. சாமியார் சொன்ன, நண்பர் சொன்ன, நான் திருத்திய பயிற்சியை ஆரம்பித்தேன். வயிற்றில் இடம் இல்லாததால் மூச்சு எல்லாம் நெஞ்சிலேயே நின்றது. தோள் இரண்டும் காதைத் தொட்டன. தொண்டைக்குள் விசில் ஊதியது. கண் பிதுங்கியது. கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, ஏறி வந்த புளிப்பு நீரைத் துப்பிவிட்டு நிமிர்ந்தேன்.

எதிரே மாமியார், பசுவுக்குக் கழுநீர் எடுத்துக்கொண்டு வந்தவர், தவலையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை முதன்முதலாக முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தைக்குப் பதிலாக இன்னும் ஒரு விசில் வந்தது. அவர் தவலையை அப்படியே கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை கிளம்புவதாக ஏற்பாடு. மாமனார் வந்து, "மாப்ள, இன்னைக்கு வியாழக்கிழமை, தெக்கால சூலம். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். விழுப்புரம் தெற்கேதான் இருக்கிறது, நியாயம்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை, பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பினால் லட்சுமி கூடவே போய்விடுவாளாம். அதற்கடுத்து சனிக்கிழமை. சனிக்கிழமைக்குக் காரணம் வேறு சொல்ல வேண்டுமா?

இதற்கிடையில் சாப்பாடு மாறிவிட்டது. தயிர் நின்றது. வாழைப்பழம் நின்றது. குளிக்கச் சுடுதண்ணீர் வந்தது. வேளாவேளைக்குத் தூதுவளை ரசம், மிளகை அள்ளிப் போட்டு. காலையில் திப்பிலிக் கஷாயம். எரிகிற நெஞ்சுக்கு மிளகும் திப்பிலியும் என்ன செய்யும் என்று எனக்கு எதிரியாக இருப்பவன்கூடச் சொல்லியிருப்பான். மாப்பிள்ளைக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குடித்ததும் நெஞ்சு பற்றிக்கொண்டது. பற்றியதும் போருக்குப் பின்னால் ஓடிப்போய் மூச்சு விட்டேன். நான் மூச்சு விடுவதைச் சமையற்கட்டுச் சன்னல் வழியாகப் பார்த்து மறுவேளை ரசத்தில் மிளகைக் கூட்டினார்கள். இரண்டு தரப்பும் அக்கறையோடு வேலை செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிணற்றடியில் என் பெண்டாட்டி தனியாக அகப்பட்டாள். குடத்தை இடுப்பில் வைத்தவள் இறக்கிவைத்துவிட்டு, கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு இழுப்பாமே?"

"யாரு சொன்னா?"

"அம்மா மாட்டாண்ட சொல்லிகினு இருந்துச்சு. நான் உள்ள இருந்து கேட்டுகினு இருந்தேன். இப்ப அனுப்பறதா இல்லியாம். தையில பாத்துக்கலாம்னுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு இருக்கிற வியாதி ஒண்ணுதான். தின்னி வியாதி. அது தைக்கும் போவாது, மாசிக்கும் போவாது."

அவள் சிரிக்கவில்லை.

"சித்தப்பாவும் இப்படித்தான் தமாஷாவே பேசிகினு இருப்பாராம். சின்னம்மா சொல்லும்."

"அப்ப உனக்கும் சந்தேகமா?"

"எனக்கு இன்னா தெரியும்? உங்களாண்ட இருந்தது வைகாசியும் ஆனியும். அதுல பாதி நாளு நீங்க மண்டியில இருந்தீங்க." குடத்தைத் தூக்கினாள். "தோ, இன்னிக்குக் காலையிலயும் பண்ணிகினு இருந்தீங்க. நானே பாத்தேன். பாக்கறதுக்கே பயமா இருந்துச்சு."

குடத்தோடு போய்விட்டாள். தை என்றால் கிட்டத்தட்ட அரை வருஷம். தை வந்ததும் பங்குனி என்பார்கள். அனந்தபுரத்துச் சின்னம்மாவை நினைத்துக்கொண்டு ஒரு தாய் தன் பெண்ணை அனுப்ப மறுத்தால் அவரிடம் எந்த வக்கீலை வைத்து வாதாடுவது? நேரே பேசலாம் என்றால், நான் பேச வேண்டிய ஒரே ஆள் என் எதிரில் வரக் கூடாத ஆள்.

மாமனாரிடம் போனேன். களத்து மேட்டில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எனக்கு இழுப்பு இல்ல."

"யாரு இருக்குதுன்னாங்க?"

"யாரும் வாயால சொல்லல. நாலு நாளா தூதுவள ரசம்தான் சொல்லிகினு இருக்குது."

அவர் புகையை விட்டு, அது போகும் திசையைப் பார்த்தார். நான் விளக்கினேன். நெஞ்செரிச்சல், மூச்சுப் பயிற்சி, கூட்ஸ் ஷெட், திருவண்ணாமலை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது.

"எரியறது நெஞ்சு," என்றார் மாமனார். "அதுக்கு மூச்ச இன்னாத்துக்கு மாப்ள பேஜாரு பண்றீங்க?"

"அதான் மாமா வைத்தியமே."

"எனக்குப் புரியுது. அவளுக்குப் புரியணுமே." சுருட்டின் சாம்பலைத் தட்டினார். "நாளைக்கு திங்கக்கெழமை. மலமேல ஈஸ்வரனுக்கு ஒரு கற்பூரம் ஏத்திட்டு வந்துடலாம். எல்லாருமா போவலாம். நீங்களும் ஏறுவீங்க. அவளும் பின்னால வருவா. பாத்துப்பா."

சாமி கும்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான் சொன்னார். இழுப்புக்காரன் எவனும் அந்த மலையில் ஏற முடியாது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். மலை என்று பார்த்தால் பெரிய மலை இல்லை. ஆனால் பாறை, செங்குத்து. மண்டிக் கல்லாப் பக்கம் உட்கார்ந்து வளர்த்த வயிற்றுக்கு அதுவே இமயமலை.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கோயிலுக்குப் போவதால் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. முன்னால் மாமனார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் பூசைக் கூடையோடு மாமியாரும், அவர் கூடவே என் பெண்டாட்டியும். மாமியார் எனக்கு எதிரில் வரக் கூடாதே தவிர, பின்னால் வரத் தடை இல்லை. முதுகில் இரண்டு கண் குத்திக்கொண்டு வருவதை நான் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் உணர்ந்தேன்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தை மாதம். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மூக்கால் வேகமாக இழுத்தால் சத்தம் கேட்கும், மெதுவாக இழுத்தேன். பின்னாலிருந்து பார்ப்பவருக்குத் தோள் ஏறி இறங்குவது தெரிந்துவிடுமே என்று மூச்சை மேலே விடாமல் வயிற்றுக்குள் அனுப்பினேன். வயிறு முன்னால் வந்தால் யார் பார்க்கப் போகிறார்கள், அது எப்போதும் முன்னால்தான் இருக்கிறது. விடும்போது கொஞ்சம் கொஞ்சமாக, திருடன் பரணிலிருந்து இறங்குகிற மாதிரி விட்டேன். மூச்சு மெதுவானதும் காலும் மெதுவாயிற்று. காலை மெதுவாக வைத்ததும் பாறை அவ்வளவு செங்குத்தாக இல்லை.

பாதி மலை ஏறிய பிறகுதான் ஒன்று உறைத்தது. நெஞ்சு எரியவில்லை. வெறும் வயிறு, மூடிய வாய், ஆடாத தோள், மெதுவான மூச்சு. முருங்கைக்காய் மனிதர் சாக்கு மூட்டை நடுவில் சொன்னது எல்லாவற்றையும் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன். அதற்கு ஒரு மாமியார் தேவைப்பட்டது.

மாமனார் முன்னால் பேசிக்கொண்டே ஏறினார். எனக்குத் தைரியம் கொடுக்கிறாராம்.

"எங்க காலத்துல இந்த மலய ஓட்டமாவே ஏறுவோம் மாப்ள. மேல போயி, எறங்கி, மறுபடியும்..."

அதற்குமேல் பேச்சு வரவில்லை. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமல் வந்தது. இருமல் நின்றதும் மூச்சு வந்தது, பெரிய சத்தத்தோடு. சுருட்டு இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்ததெல்லாம் ஒரே சமயத்தில் கேட்டது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார்.

கூடை கீழே விழுந்த சத்தம் கேட்டது. மாமியார் என்னைத் தாண்டி ஓடிவந்து எனக்கு நேர் எதிரில் நின்றார்.

"மாப்ள, அவர பாருங்க. எதுனா பண்ணுங்க மாப்ள."

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், அதுவும் அன்றைக்குக் காலையில் தெரிந்தது. பாறை நிழலில் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகுக்குப் பின்னால் என் தோளைக் கொடுத்தேன். "மாமா, பேசாதீங்க. மூக்கால கொஞ்சமா இழுங்க. வயித்துக்கு அனுப்புங்க. இப்ப விடுங்க. மெதுவா. இன்னும் மெதுவா."

"சும்மா இருய்யா," என்றார் மாமனார். மரியாதை எல்லாம் மூச்சு உள்ளவர்களுக்குத்தானே. ஆனால் சொன்னபடி செய்தார். என் பெண்டாட்டி முந்தானையால் விசிறினாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் அடங்கியது. முகத்துக்கு நிறம் திரும்பியது. கடைசியில் இடுப்பைத் தடவிச் சுருட்டைத் தேடினார். பிழைத்துவிட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. மாமியார் அதைப் பிடுங்கிப் பாறைக்கு அந்தப் பக்கம் எறிந்தார்.

எறிந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எதிரில் நிற்கிறோம் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. அல்லது இருந்தும் விட்டுவிட்டார்.

"இதான் உங்க வைத்தியமா?"

"ஆமாம் அத்த."

"போருக்குப் பின்னால பண்ணது வேற மாதிரி இருந்துச்சே?"

"அது தப்பாப் பண்ணது அத்த. வயிறு முட்ட சாப்ட்டுட்டு செய்யக் கூடாது."

"வயிறு முட்ட யாரு சாப்பிடச் சொன்னா?"

"நீங்கதான் ஊத்தச் சொன்னீங்க."

"வேணாம்னு வாயத் தொறந்து சொல்றதுதானே?"

"மரியாதயா இருக்காதேன்னு."

"நல்ல மரியாத," என்றார் மாமியார். "கம்மியா துன்னா தீர்ற வியாதிக்கு மூச்சப் புடிச்சிகினு நிக்கறாரு. ரசம்?"

"அதுவும் எரிஞ்சுது."

"நாலு நாளா குடிச்சீங்களே."

"நீங்க குடுத்தீங்க."

என் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமனார் மலையைப் பார்த்தார். மாமியார் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார்.

"என்னப் பாத்து சொல்லுங்க. என் தங்கச்சிய நான்தான் பேசி முடிச்சேன். நான்தான் நல்ல எடம்னு சொன்னேன். சொல்லுங்க, உங்களுக்கு இழுப்பு இல்லியே?"

தங்கை விஷயத்தில் அந்த ஒன்று எனக்குத் தெரியாது. கல்யாணத்தைப் பேசி முடித்தவர் அவர்தான் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. தின்னி வியாதி, வடை, கோழி என்று என் நாக்கில் எப்போதும் தயாராக நிற்கும் பதில்கள் அன்றைக்கும் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"இல்ல அத்த."

மாமியார் சிதறிய பூவையும் தேங்காயையும் கூடையில் எடுத்துப் போட்டு என் கையில் கொடுத்தார். "அவரு இங்கியே இருக்கட்டும், அவ பாத்துப்பா. நீங்க ஏறுங்க. நான் பின்னால வர்றேன்."

மீதி மலையையும் கூடையோடு ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மாமியாருக்கு என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. நான் அதைக் கவனிக்காதது போல ஈசுவரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கற்பூரம் எரிந்து முடிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நாளைக்கே கூட்டிகினு போங்க."

"நாளைக்கு செவ்வாக்கெழமை அத்த. சூலம் இருக்குமே?"

"செவ்வா வடக்காலதான் சூலம். நீங்க போறது தெக்கால. போங்க."

பஞ்சாங்கமே அவர் பக்கம் இருக்கும்போது எதிர்த்துப் பேச நான் யார்?

செவ்வாய்க்கிழமை காலை கேப்பைக் கூழும் மோரும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரே சொம்பு. இன்னும் கொஞ்சம் என்று நான் கையை நீட்டியதை யாரும் பார்க்கவில்லை.

மாட்டுக்குக் களத்து வேலை இருந்ததால் பஸ்ஸில் ஏறினோம். பெட்ரோல் கிடைக்காத காலம் ஆகையால் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். சமதரையில் ஓடும். மேடு வந்தால் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கும் திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு மேட்டில் நின்றது. ஆம்பிளைகளெல்லாம் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் கண்டக்டர். இறங்கித் தள்ளினேன். அடுப்பு என் முகத்துக்கு நேரே இருந்தது. வாயை மூடிக்கொண்டு, கரிப் புகையைத் தின்றுகொண்டு, பஸ் மேட்டைத் தாண்டும்வரை தள்ளினேன்.

ஏறி உட்கார்ந்தபோது என் பெண்டாட்டி, "சட்டையெல்லாம் கரி" என்று முதுகைத் தட்டிவிட்டாள். தட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையை முதுகோடு அழுத்தி அப்படியே வைத்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் பார்த்து முடித்துவிட்டார்கள். அவள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. நான் மூச்சை இழுத்து விட்டேன், இழுத்து விட்டேன். நல்லபடியாகக் காட்ட வேண்டும் என்றுகூட முயற்சி செய்யவில்லை.

வெளியே ஒரு கொல்லையில் மல்லாட்டைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொல்லை கடந்து போனது, அடுத்த கொல்லையும் கடந்து போனது. அதற்குப் பிறகுதான் கையை எடுத்தாள்.

"நகுந்து குந்துங்க," என்றாள். "சன்னல் பக்கம் எனக்கு வேணும்."